ரெண்டாவது டோஸும் போட்டாச்சு, நன்றி சொல்லணும்ல

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமையோட எங்க தெருப் பொண்ணுங்க 16 பேருக்கும் ஹெச்பிவி ஊசி ரெண்டாவது டோஸ் போட்டு முடிச்சாச்சு. ஹெச்பிவிங்கறது உடலுறவுல பரவுற வைரஸ், அதால வர்ற கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வராம தடுக்குற ஊசி. எல்லாம் 9 வயசுலருந்து 14க்குள்ள இருக்குற புள்ளைங்க, அதனால ஆறு மாச கேப்ல ரெண்டு டோஸ் போதும்னாங்க, 15 ஆயிட்டா மூணாம்.

முதல் நன்றி எங்க சித்திக்குத்தான். நாலு பேர் முன்னாடி வாய் திறக்காத ஆளு, ஊசியப் பத்திப் பேச தெருவுல கூடுன அன்னைக்கு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து முந்தானைய முறுக்கிக்கிட்டே "வெள்ளைப்படுதுன்னு நெனச்சு எட்டு மாசம் விட்டுட்டேன், ரத்தம் பட்டப்பவும் யார்ட்டயும் சொல்லல, அது இந்தப் புற்றுநோய், கரண்டு (கதிர்வீச்சு) வச்சுத்தான் பொழச்சேன்"னு சொன்னுச்சு. அப்புறம் யாரும் பேசல. நான் ஒரு மாசமா கத்துனது இந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஈடாகுமா.

நர்ஸ் அக்காவுக்கு நன்றி. "கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்கு இது, நம்ம பொண்ணு மேல நமக்கே நம்பிக்கை இல்லையா"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க, நியாயமா எல்லார் மனசுலயும் இருந்த கேள்விதான் அது. அக்கா சிரிச்சுக்கிட்டே, "ஒம்பதாவது மாசத்துல தட்டம்மை, ருபெல்லாவுக்கு எம்ஆர் ஊசி போட்டோமே, அதுல ருபெல்லாவுக்கு எதுக்கு போடுறோம், இவ பின்னாடி மாசமா இருக்கும்போது வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னும்தானே, அப்ப யாராவது தப்பா நெனச்சீங்களா"ன்னாங்க. அவ்ளோதான்.

டாக்டரம்மாவுக்கு தனியா சொல்லணும். அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துல இந்த ஊசி போட்டு பொண்ணுங்க செத்துட்டாங்கன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துச்சு. அவங்க அதைப் பொய்னு தள்ளல. ஆந்திராவுலயும் குஜராத்துலயும் போட்ட அந்தத் திட்டத்துல 7 பொண்ணுங்க இறந்தது உண்மை, 2010ல நிறுத்துனதும் உண்மை, ஆனா விசாரிச்சதுல சாவுக்கு ஊசி காரணம்னு வரல, பாம்புக்கடி, தண்ணியில மூழ்குனது இந்த மாதிரி காரணம்தான், ஆனா பெத்தவங்களுக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டது பெரிய தப்பு, அதை மறைக்க முடியாதுன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒவ்வொரு அம்மா அப்பாட்டயும் படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குனாங்க. ஊசி போட்டாலும் முப்பது வயசுக்கு மேல கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுக்கணும், இது எல்லா வகை ஹெச்பிவி வைரஸையும் தடுக்காதுன்னும் சொன்னாங்க. ஆஹா ஓஹோன்னு பேசிருந்தா எங்க ஆளுங்க நம்பிருக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

மெடிக்கல் ஷாப் அண்ணன், டோஸ் 2000 ரூபாய் கிட்ட வர்றத அவருக்கு என்ன விலையோ அதுக்கே குடுத்தாரு. கரண்ட் போன அன்னைக்கு ஐஸ் பாக்ஸ்ல வச்சுக்கிட்டு அடுத்த தெரு கடை ஃப்ரிட்ஜுக்கு ஓடுனாரு, 8 டிகிரி தாண்டக்கூடாதாம். ரெண்டு வீட்டுக்கு சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் குடுத்த அக்காவுக்கும் நன்றி.

ஊசி போட்டதும் பதினஞ்சு நிமிஷம் உக்காரச் சொன்னாங்க, அதுவும் நல்லதாப் போச்சு, ஒரு பொண்ணு ஊசி போட்ட பயத்துலயே மயங்கி விழுந்துருச்சு. தேன்மிட்டாய் குடுத்து தேத்துன ஆயாவுக்கும் ஒரு கும்பிடு.

கடைசியா அந்த ஃபார்வர்டு போட்ட அண்ணனுக்கு. "கருத்தடை ஊசி"ன்னு ஆறு மாசமா சண்டை போட்டவரு, ஞாயித்துக்கிழமை பொண்ண பைக்ல உக்கார வச்சு அவரே கூட்டிட்டு வந்தாரு. அந்த 16 பேர்ல சேராத அந்தப் புள்ளைக்கு இப்பதான் முதல் டோஸ். அடுத்த தேதிய நோட்ல எழுதி வச்சிருக்கேன் அண்ணே, மறந்துராதீங்க.