படை போகும் நாளிலேயே திரும்பும் நாளையும் பேசுங்கள்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. தண்ணீர், நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு என்று உங்களுக்கு எழுத எங்களிடம் நிறைய இருக்கிறது. இன்றைக்கு எழுதுவது வேறு விஷயம். வெளிநாட்டுக்குப் போன நம் ராணுவம் எப்போது திரும்ப வேண்டும் என்று யார் முடிவு செய்வது? டெல்லிக்காரர்கள் பாடு என்று எங்களால் இருக்க முடியாது. கோடியக்கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் அங்கே நடந்த இனப்போரை நிறுத்த ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் தமிழ்ப் போராளி இயக்கங்கள் ஆயுதத்தை ஒப்படைக்கும் என்று அதில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இந்திய அமைதிப்படை போனது. என் பெரியப்பா மகனும் அதில் ஒரு சிப்பாய். சம்பா அறுப்புக்கு வந்துவிடுவான் என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில நாள் வேலை 32 மாதம் ஆனது. மூன்று பொங்கல் அண்ணன் இல்லாமல் போனது.

அக்டோபரிலேயே புலிகளோடு போர் மூண்டுவிட்டது. அந்தத் தீபாவளிக்கு யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படை நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் எனப் பலர் சுடப்பட்டுச் செத்தார்கள். காக்க வந்தவர்களைப் பார்த்து ஊர் பயந்தது. தான் தமிழில் கூப்பிட்டும் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை என்று அண்ணன் பிற்பாடு ஒரே ஒரு தடவை சொன்னார். நம் தரப்பில் மாண்ட வீரர்கள் சுமார் 1,200 பேர். அங்கே மாண்ட சனங்களையும் அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

என் ஆதங்கம் இதுதான். ஒப்பந்தத்துக்குக் காவல் நிற்கும் வேலை போர் செய்யும் வேலையாக மாறிய அந்த வாரமே, தொடர்வதா திரும்புவதா என்று நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. 1989 ஜூனில் புதிய அதிபர் பிரேமதாசா, ஜூலைக்குள் போய்விடுங்கள் என்றார். டெல்லி இசையவில்லை. செப்டம்பரில் இன்னொரு உடன்பாடு, டிசம்பர் 31 என்று ஒரு கெடு. அப்புறம் ஆட்சி மாறி, வி.பி. சிங் பிரதமராகி, கடைசிப் படை கிளம்பியது 1990 மார்ச் 24 அன்று. அழைத்த நாடே போகச் சொன்ன பிறகும் ஏறக்குறைய பத்து மாதம்.

இப்போது திரும்பினால் மானம் போய்விடும், செத்தவர்கள் உயிருக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பார்கள். அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் எந்தப் போருக்கும் முடிவே கிடையாது. நேற்று செத்தவனுக்காக இன்று ஒருவன், இன்று செத்தவனுக்காக நாளை ஒருவன். திரும்பும் நாளைச் சொல்லிவிட்டால் எதிரி காத்திருப்பான் என்பது இன்னொரு வாதம். நாளே சொல்லாமல் இருந்தபோதும் எதிரி காத்துக்கொண்டுதானே இருந்தான்?

ஆனால் திரும்புவது என்றால் கப்பல் ஏறுவது மட்டும் இல்லை. நம்மை நம்பி இலங்கையின் வடகிழக்கு மாகாண அரசை முதல்வராக நடத்திய வரதராஜப் பெருமாள், படை கிளம்பிய அதே மார்ச்சில் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. அவர் பக்கம் நின்ற பல இளைஞர்களுக்குப் போக்கிடம் இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். முதலிலேயே யோசிக்காதவர்கள் கடைசியில் இப்படித்தான் விட்டுவிட்டு வருவார்கள்.

திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அன்று எங்கள் ஊரும் அதைச் சரி என்றுதான் சொன்னது. அண்ணன் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து வந்தார். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. நானும் அந்த பெஞ்சில்தான் இருந்தேன். எழுந்து போய்ப் பெட்டியை வாங்கவில்லை. அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபத்தைப் போனவர் மேல் காட்டினேன். இன்றுவரை அது என்னை விடவில்லை.

மேட்டூர் அணைக்கு ஜூன் 12 திறக்கும் நாள், ஜனவரி 28 மூடும் நாள். மழை பொய்த்தால் நாள் தள்ளிப்போகும். ஏன் என்று அரசு எங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு உயிருக்கு இல்லை. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. வியட்நாமில் பட்ட பிறகு அமெரிக்கா 1973-இல் ஒரு சட்டம் போட்டது: நாடாளுமன்றம் சம்மதிக்காவிட்டால் 60 நாளில் சண்டையை விட்டு விலக வேண்டும். அதை அங்கே அதிபர்கள் மீறப் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் மீறினாயே என்று கேட்க ஒரு தாள் இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். போகும் முன் இரு அவைகளிலும் வாக்கெடுப்பு நடக்கட்டும். என்ன வேலை, எது நடந்தால் அது முடிந்ததாக அர்த்தம், நம்மை நம்பியவர்களுக்கு என்ன வழி என்பதை எழுதி வைக்கட்டும். வேலை மாறினால் மறுபடி வாக்கெடுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவையில் கணக்குச் சொல்லட்டும்.

அரசு கொண்டுவராவிட்டால் உங்கள் மூவரில் ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள். மக்களவையில் அதற்கென்று வெள்ளிக்கிழமை பிற்பகல் இருக்கிறது. வரும் கூட்டத்தொடரிலேயே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்