இடைவெளி வேறு, வெக்டர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸ், ஒய் அச்சுகள் கொண்ட ஆயத்தொலைத் தளத்தில் உருவங்களை வெக்டரால், அதாவது எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று சொல்லும் அம்பால், நகர்த்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். பள்ளிக் கணிதத்துக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கட்டுரையோடு வந்த படம் தவறு. வெறும் அச்சுப்பிழை என்றால் விட்டிருப்பேன். மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் அதே தவறு அதில் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

படத்திலுள்ள முக்கோணத்தின் முனைகள் (1, 1), (4, 1), (1, 3). அதை (5, 2) என்ற வெக்டரால் நகர்த்துகிறீர்கள். ஒவ்வொரு முனையிலும் எக்ஸ் மதிப்போடு 5, ஒய் மதிப்போடு 2 கூட்டினால் (6, 3), (9, 3), (6, 5) கிடைக்கும். புதிய முக்கோணம் அங்கேதான் இருக்கிறது, அதில் குறையில்லை. அம்புக்குறிதான் சிக்கல். பழைய முக்கோணத்தின் வலது முனையான (4, 1)-இல் புறப்பட்டு, புதியதன் இடது முனையான (6, 3)-இல் வந்து முடிகிறது அது. கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: வலப்புறம் 2, மேலே 2. இரண்டு உருவங்களுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியை அளந்து, அதையே வெக்டர் என்று காட்டிவிட்டீர்கள். விடுபட்டுப்போன 3 வேறொன்றும் இல்லை, முக்கோணத்தின் அகலம்.

என் வகுப்பில் ஒரு மாணவி, முக்கோணத்தை நகர்த்திய வெக்டர் (2, 2) என்றே எழுதினாள். திருத்தப் போனால், இதழைத் திறந்து படத்தைக் காட்டினாள். அவள் எண்ணியதில் பிழையே இல்லை. ஒளி ஊடுருவும் தாள் ஒன்றைக் கொடுத்து, பழைய முக்கோணத்தை அதில் படியெடுக்கச் சொன்னேன். தாளைச் சற்றும் திருப்பாமல் வலப்புறம் 2 கட்டம், மேலே 2 கட்டம் நகர்த்தினாள். தாளிலிருந்த முக்கோணத்தின் வலது முனை மட்டும் புதிய முக்கோணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னும் மூன்று கட்டம் போக வேண்டுமே" என்றாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்பு எப்போதும் ஒரு புள்ளியிலிருந்து, நகர்ந்தபின் அதே புள்ளி போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஒரே ஓர் அம்பு வரைவதும் போதாது என்பேன். மூன்று முனைகளிலிருந்தும் வரையுங்கள், உள்ளே இருக்கும் (2, 1.5) போன்ற ஒரு புள்ளியிலிருந்தும் வரையுங்கள். அது (7, 3.5)-க்குப் போகும். நான்கு அம்புகளும் ஒரே நீளம், ஒரே திசை. அப்போதுதான் அந்த அம்பு எந்த முனைக்கும் சொந்தமில்லை, தளம் முழுவதற்கும் பொது என்பது புரியும். வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்கே சுமந்து செல்வது என்றுதான் பொருள்.

இன்னொன்றும் கண்ணில் படும். முக்கோணத்தின் ஒரு பக்கம், அது நகர்ந்து சென்ற பக்கம், இரண்டையும் இணைக்கும் அம்புகள் எல்லாம் சேர்ந்து இணைகரமாகின்றன. (1, 1), (4, 1), (9, 3), (6, 3) ஆகியவற்றை வரிசையாக இணைத்தாலே தெரியும். இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் இணையாகவும் இருக்கும்; பக்கத்தின் நீளமும் திசையும் ஏன் மாறுவதில்லை என்பதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. உங்கள் கட்டுரை "உருவம் மாறாது" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டது.

அடுத்த இதழில் பரவளையத்தை நகர்த்துவது பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள். ஒய் = எக்ஸ்² என்ற வளைவரையை வலப்புறம் 3 அலகு நகர்த்தினால் ஒய் = (எக்ஸ் − 3)² ஆகிறது. முனைகளை வலப்புறம் நகர்த்தும்போது கூட்டிய கை இங்கே ஏன் கழிக்கிறது என்று மாணவர்கள் திகைக்கிறார்கள். "விதி அப்படி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புதிய வளைவரையில் ஒரு புள்ளியை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 3 அலகு பின்னோக்கிப் போனால் பழைய இடம் கிடைக்கும். பழைய சமன்பாட்டுக்குப் பொருந்த வேண்டியது அந்தப் பழைய இடம்தான். கழித்தல் குறி வருவது அதனால்தான்.

திருத்திய படத்தையும் அதே இதழில் வெளியிட்டால், இதழோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அதையே எடுத்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை