சணப்பைப் புழுவும் கடலைப் புழுவும் வேறு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பசுந்தாள் உரப் பயிரான சணப்பையில் காணப்படும் கம்பளிப்புழு பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் அண்மையில் வந்த குறிப்பில், நிலக்கடலையை மேயும் சிவப்புக் கம்பளிப்புழுவின் படத்தை வெளியிட்டு, கண்டவுடன் மருந்தடிக்கும்படி எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு பூச்சிகள். கடலைப் புழு செம்பழுப்பு நிறத்தில் அடர்ந்த மயிருடன் இருக்கும். கடலை, தட்டைப்பயறு, ஆமணக்கு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். சணப்பைப் புழுவோ கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடும் செம்மஞ்சள் புள்ளிகளும் கொண்டது. மயிர் சற்று அருகியே இருக்கும். சணப்பை, அதன் இனமான கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற சில செடிகளே இதற்கு முக்கிய உணவு.

சணப்பைப் புழு வளர்ந்து யூடெத்தைசா புல்செல்லா என்ற அந்துப்பூச்சியாகிறது. இதற்கு 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். வெள்ளை இறக்கையில் குங்குமத்தையும் மையையும் மாறி மாறித் தொட்டு வைத்தாற்போன்ற புள்ளிகள், பகலிலேயே பறக்கும், காலடி பட்டால் எழுந்து நாலடி தள்ளிப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை பகட்டாக இருந்தும் அதற்கு அச்சமில்லாததற்குக் காரணம் அது தின்ற செடிதான். மேற்சொன்ன செடிகளிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அது அந்துப்பூச்சியான பின்னும் தங்கிவிடுகிறது. இதன் அமெரிக்க உறவினமான யூடெத்தைசா ஆர்னாட்ரிக்ஸை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர், வலையில் சிக்கிய அந்துப்பூச்சியைச் சிலந்தியே இழைகளை அறுத்து வெளியே விட்டுவிடுவதைக் கண்டார். அவ்வினத்தின் ஆண் கலவியின்போது தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குத் தர, அது முட்டைகளுக்கும் சென்று காவலாகிறதாம். சீதனம் என்றால் இதுவல்லவா!

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். பசுந்தாள் உரத்துக்காக விதைத்த சணப்பையைப் பூக்கும் பருவத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுதுவிடுகிறோம். புழு தின்ற இலையும் எச்சமாக அதே மண்ணில்தான் விழுகிறது. உழப்போகும் பயிருக்குக் காசு கொடுத்து நஞ்சு தெளிப்பானேன்? விதைக்கு விடுகிறவர்களின் நிலை வேறு. புழு காயைத் துளைத்து விதையைத் தின்றுவிடுவதால் அவர்களுக்கு இழப்பு உண்டு. அந்த வேறுபாட்டையாவது குறிப்பு சொல்லியிருக்க வேண்டும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் சரியான படத்துக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. மழைக்குப் பின் வாய்க்கால் ஓரத்துத் தேள்கொடுக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவாரூர் மாவட்டம்.