மணிக்கு: சாளரக் கணக்கு பற்றி

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதாளே, அவளா?" என்று கேட்டார். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால்தான் மழைக்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

இனி உன் நிரல். எந்த வாடிக்கையாளரின் கணக்கில் எவ்வளவு நேரம் போகிறது என்று தானாகக் குறித்துக்கொள்ள, விண்டோஸில் திறந்திருக்கும் சாளரங்களை (விண்டோக்களை) பட்டியலிட்டுப் பார்த்திருக்கிறாய். திரையில் ஐந்தாறுதான் தெரிகிறது, பட்டியலோ முடிவே இல்லாமல் நீள்கிறது என்று அலுத்துக்கொள்கிறாய். நிரல் பொய் சொல்லவில்லை, மணி. நீ பயன்படுத்தும் 'எனம்விண்டோஸ்' என்ற விண்டோஸ் அழைப்பு, இன்னொரு சாளரத்துக்குள் அடங்காத மேல்மட்டச் சாளரங்கள் எல்லாவற்றையும் ஒப்பிக்கும். நாம் பார்ப்பதற்கென்று இருப்பவை எவை என்று அது பிரிப்பதில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக இருக்கும் நிரல்கூடச் செய்திகளை வாங்கிக்கொள்ள ஒரு சாளரத்தை மறைவாக வைத்திருக்கும்.

சாளரம் மறைவாக இருக்கிறதா என்று சொல்லும் 'இஸ்விண்டோவிசிபிள்' கொண்டு வடிகட்டினால் பெரும்பகுதி ஓடிவிடும். பிறகும் 'புரோகிராம் மேனேஜர்' என்று ஒன்று நிற்கும். பயந்துவிடாதே, அது உன் டெஸ்க்டாப்தான். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இன் முகப்பு நிரலுக்கு இருந்த பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. இன்னொரு சாளரத்துக்குச் சொந்தமான உரையாடல் பெட்டிகளையும், 'டூல்விண்டோ' (துணைக் கருவிச் சாளரம்) என்று குறியிட்டவற்றையும் தள்ளு. நீ திறக்காத 'செட்டிங்ஸ்' ஏன் பட்டியலில் வருகிறது என்று கேட்டாயே, அது விண்டோஸ் 8இல் தொடங்கிய வேடிக்கை. பின்னணியில் உறங்கவைத்த செயலியின் சாளரத்தை மூடாமல் திரை போட்டு மறைத்துவிடுவார்கள். 'விசிபிளா?' என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். சாளரங்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் 'டிடபிள்யூஎம்' நூலகத்திடம் 'க்ளோக்டு' (திரையிட்டு மறைத்தது) என்ற பண்பைக் கேட்டால்தான் உண்மை தெரியும். ஆனால் வேறு மெய்நிகர் டெஸ்க்டாப்பில் நீ திறந்து வைத்திருப்பவையும் அதே பண்போடு வரும் என்பதை நினைவில் வை.

தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வருவதற்குக் காரணம், 'கெட்விண்டோடெக்ஸ்ட்' அழைப்பின் 'ஏ' வடிவத்தை நீ பயன்படுத்தியது. அந்த வடிவம் நம்பியிருக்கும் பழைய குறியீட்டுப் பக்கங்களில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்களில், தமிழுக்கென்று ஒன்று கிடையாது; யூனிகோடுதான் வழி. கடைசியில் 'டபிள்யூ' உள்ள வடிவத்துக்கு மாறு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பட்டியல் எதற்கு? எது முன்னால் இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா? 'கெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ' ஒரே அழைப்பில் சொல்லிவிடும். முன்னால் இருக்கும் சாளரம் மாறும்போதெல்லாம் தகவல் வேண்டுமென்றால் 'செட்வின்ஈவென்ட்ஹுக்' இருக்கிறது. திறந்தே கிடக்கும் எக்செல் கோப்பில் நீ வேலை செய்தாயா, வேறு சாளரத்தில் மூழ்கியிருந்தாயா என்பதைப் பட்டியல் சொல்லாதே.

அலுவலகப் பையன்களின் கணினிகளிலும் இதைப் போட்டுவிடலாம் என்ற யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாளரத் தலைப்பை அற்பமாக நினைக்காதே. மின்னஞ்சலின் பொருள், மருத்துவமனையின் பெயர், வேலை தேடும் பக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஆப்பிள்காரர்கள் 2019இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் இதற்குக் கதவு போட்டார்கள். திரையைப் பதிவுசெய்யப் பயனர் அனுமதி கொடுத்தால்தான் மேக்கின் சாளரப் பட்டியலில் பிற நிரல்களின் தலைப்பு கிடைக்கும்.

எனக்கு இப்போது லினக்ஸ் கணினி கொடுத்திருக்கிறார்கள். அங்கே திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் முறையில் 'டபிள்யூஎம்கண்ட்ரோல்' (wmctrl) என்ற கட்டளை போதும். சாளரங்களை அடுக்கி நிர்வகிக்கும் நிரலான சாளர மேலாளர், திரை முழுதுக்கும் அடியில் இருக்கும் மூலச் சாளரத்தில் எழுதி வைத்திருக்கும் பட்டியலை அப்படியே படித்துக் காட்டும். அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய முறையான வேலேண்டுக்கு மாறினால், அதே கட்டளை எக்ஸ்வேலேண்டு என்ற இணைப்புப் பாலம் வழியாக ஓடும் பழைய நிரல்களை மட்டுமே காட்டுகிறது. ஒரு நிரல் இன்னொன்றின் சாளரத்தை அறியக் கூடாது என்பதே அங்கே அடிப்படை. ஸ்வே போன்ற சாளர மேலாளர்கள் தங்கள் வழியில் பட்டியல் தருகின்றன. க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல் சாதாரண நிரல்களுக்குத் தருவதில்லை, அதற்குள்ளேயே ஓடும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எழுத வேண்டும். எரிச்சல்தான். ஆனால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே உன் கணினிக்கு மட்டும் எழுது. பையன்களிடம் நேரக் கணக்கு வேண்டுமென்றால் அவர்களிடமே சொல்லி எழுதி வாங்கு. இதற்கு என்னோடு சண்டை போடுவாய் என்று தெரியும், போடு. தை பிறந்ததும் தம்பி மகள் கல்யாணத்துக்குத் திருச்சி வருகிறேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வா, சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அந்த வடிகட்டும் பகுதியைச் சேர்ந்தே எழுதிவிடலாம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோபால்