ஒரே மூட்டை, இரண்டு கணக்கு: வணிகப் புள்ளிவிவர நெறிகளை எழுதுவோருக்கு ஒரு மடல்

வணக்கம்.

மொத்த வணிகத்தையும் சில்லறை வணிகத்தையும் எப்படிக் கணக்கெடுப்பது என்று உலகத்துக்கே வழி சொல்லும் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தாருக்கும், அந்த வழியை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவரும் அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பொருளாதாரம் படித்துவிட்டு அப்பாவின் கல்லாவில் வந்து உட்கார்ந்தவன். உங்கள் பாஷை கொஞ்சம் புரியும், கடை பாஷை நன்றாகவே புரியும்.

கொஞ்ச நாள் முன்பு கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். கையில் டேப்லெட். நல்ல பெண், பொறுமைசாலி. மாதம் மூன்றாம் தேதி, சாயங்காலம் ஆறரை மணி. சம்பளம் வந்த வாரம் என்பதால் கடையில் நிற்க இடமில்லை. "அண்ணாச்சி, போன மாசம் மொத்தம் எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று கேட்டார். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னேன். அடுத்த கேள்வி: "இது மொத்த வியாபாரமா, சில்லறையா?"

அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் வந்தார். பத்து கிலோ சர்க்கரை வாங்கினார், அதிலேயே ஒரு கிலோ வீட்டுக்கு. அவர் பின்னால் பெட்டிக்கடை அக்கா ஐந்து கிலோ. அதை அவர் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்பார். அப்புறம் ஒரு பையன், அரைக் கிலோ, "அம்மா நோட்டுல எழுதிக்கச் சொன்னாங்க." எல்லாம் ஒரே ஐம்பது கிலோ மூட்டை, ஒரே தராசு. வணிகத்தைக் கணக்கெடுக்க நீங்கள் 2008இல் ஏற்றுக்கொண்ட நெறிகளின்படி வீட்டு உபயோகத்துக்குப் பொதுமக்களிடம் விற்றால் சில்லறை. இன்னொரு வியாபாரிக்கோ தொழில் நடத்துபவருக்கோ விற்றால் மொத்தம். அதாவது ஒன்பது கிலோவும் ஐந்து கிலோவும் மொத்த வியாபாரம், ஒரு கிலோவும் அரைக் கிலோவும் சில்லறை. ஒரே கடை இரண்டையும் செய்தால், எதில் மதிப்புக்கூட்டல் (உற்பத்தியிலிருந்து அதற்கான செலவுப் பொருள், சேவைகளைக் கழித்தால் நிற்பது) அதிகமோ அந்தப் பெட்டிக்குள் முழுக்கடையும் போக வேண்டும். சரி, எதில் அதிகம் என்று எனக்கே தெரியாது. "சில்லறைன்னே போடும்மா" என்றேன். இப்படித்தான் போடப்படுகிறது.

அந்த நெறிகளைக் குறை சொல்ல வரவில்லை. 1975இல் எழுதியதைத் திருத்தி, 2008 பிப்ரவரியில் ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. 33 ஆண்டு இடைவெளியில் உலகம் எவ்வளவோ மாறிவிட்டதால் அந்த உழைப்பு தேவைதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, வியாபாரியின் உற்பத்தி என்பது அவன் விற்ற தொகை அல்ல என்ற தெளிவு. நான் சர்க்கரையை உற்பத்தி செய்யவில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் நிற்கும் வித்தியாசம்தான் என் உற்பத்தி. விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழித்து, கையிருப்பு கூடியதையோ குறைந்ததையோ சரிசெய்தால் அது கிடைக்கும். மூட்டையை உடைத்துப் பொட்டலம் போடுவதும் வியாபாரத்தின் பகுதிதான், தனி உற்பத்தி ஆகாது என்கிறீர்கள். அதுவும் சரி. ஆனால் என் மனைவி காலையில் அரைத்துக் கடையில் விற்கும் இட்லி மாவு உங்கள் கணக்கில் உற்பத்தி. ஒரே கல்லாவில் விழும் காசுக்குள் இத்தனை கோடு போட்டிருக்கிறீர்கள். கோடு தப்பில்லை. கேட்கும் கேள்விதான் கோட்டுக்குப் பொருந்தவில்லை.

எங்களிடம் முதலில் கேட்பது விற்பனை. எங்களுக்கு மிகவும் மங்கலாகத் தெரிவதும் அதுதான். விற்பனைக்குப் பில் கிடையாது. கொஞ்சம் காசாக வரும், கொஞ்சம் போனில் வரும், மீதி கடன் நோட்டில் கிடக்கும். அந்தப் பையன் வீட்டு அரைக் கிலோ இந்த மாத விற்பனைதான். காசு தீபாவளி போனஸில் வரும். நான் கல்லாவைப் பார்த்துப் பதில் சொல்வேன், உங்களுக்கு வேண்டியதோ நோட்டும் சேர்ந்த தொகை. வீட்டுச் சமையலுக்கு எடுத்த பருப்பு விற்பனையிலும் வராது, கையிருப்பிலும் இருக்காது. அந்த அளவுக்கு என் லாபம் கணக்கில் குறைந்து தெரியும். பெரிய தொகை கேட்டதும் வரிக்காரர் ஞாபகம் வந்து நாக்கு தானாகச் சுருங்குவதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொள்முதல் அப்படியல்ல. விருதுநகரிலிருந்து வந்த பருப்பு, வத்தல், எண்ணெய், ஏஜென்சி வண்டியில் வந்த பிஸ்கட், சோப்பு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சீட்டு இருக்கும். எந்தச் சரக்கில் எவ்வளவு லாபம் நிற்கும் என்பதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சர்க்கரையில் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் நின்றால் பெரிது. சீரகம், கடுகில் நன்றாக நிற்கும். எனவே கணக்கு வைக்காத கடையில் கொள்முதலில் தொடங்குங்கள், சரக்கு வாரியாக என்ன நிற்கும் என்று கேளுங்கள், விற்பனையைக் கடைசியில் நீங்களே கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு மாற்று வழியாக அடிக்குறிப்பில் தள்ளாமல், சின்னக் கடைக்கு இதுவே முதல் வழி என்று நெறியிலேயே எழுதுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

இதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். இந்தியாவில் 2015-16இல் அமைப்புசாரா தொழில்களைக் கணக்கெடுத்தபோது, விவசாயம் தவிர்த்து கடை, பட்டறை என்று சுமார் 6.34 கோடி அலகுகள் இருந்தன. அதில் வணிகம் மட்டும் 2.30 கோடி. அடுத்த முழுக் கணக்கெடுப்பு 2021-22இல்தான் நடந்தது. நடுவில் என்னென்ன வந்தன? 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு. மூன்றும் சின்னக் கடையின் கழுத்தில்தான் முதலில் விழுந்தன. அந்த ஆண்டுகளில் எங்கள் நிலையைப் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் போக்கை வைத்தே ஊகித்தார்கள். பெரிய கடை ஏறினால் சின்னக் கடையும் ஏறியதாகக் கணக்கு. அந்தப் பெரிய கடைக்குப் போனதே எங்கள் வாடிக்கையாளர்தானே!

ஜிஎஸ்டி தரவு இருக்கிறதே என்பார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே இருந்தால் சரக்கு வியாபாரிக்குப் பதிவே தேவையில்லை. பெட்டிக்கடை அக்கா அதில் எங்கே வருவார்? முழம் போட்டு விற்கும் பூக்காரம்மா எங்கே வருவார்? இப்போது ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள், 2025இலிருந்து காலாண்டுக்கு ஒரு அறிக்கையும் வருகிறது. நல்ல மாற்றம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் சில்லறை விற்பனைக்கென்று மாதாமாதம் வெளிவரும் அதிகாரபூர்வக் குறியீட்டெண் இன்னும் நம்மிடம் இல்லை. விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம் எத்தனையோ வருடமாகப் பத்திரிகையில் வருகிறது. உளுந்து என்ன விலை என்று தெரிகிறது, எவ்வளவு விற்றது என்று தெரியவில்லை.

கமிஷன் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயி கொண்டுவரும் வத்தல் மூட்டை கமிஷன் கடைக்காரருக்குச் சொந்தமல்ல. அவர் விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பவர். உங்கள் நெறியும் கமிஷன்தான் அவருடைய உற்பத்தி என்கிறது. ஆனால் விலை இறங்கும்போது அவரே சொந்தப் பணத்தில் நாலு மூட்டை வாங்கிப் போட்டுவைப்பார். இரண்டும் ஒரே கிட்டங்கியில் அடுக்கியிருக்கும். எது யாருடையது என்று அவரிடம் கேட்டால்தான் தெரியும். படிவத்தில் அந்தக் கேள்வி தனியாக இருக்கட்டும்.

ஆன்லைன் விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவு சரி. எந்தத் தொழில் எந்த வகை என்று பிரிக்கும் உங்கள் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின், 2023இல் ஏற்றுக்கொண்ட ஐந்தாம் திருத்தத்தில், கடையில் விற்றாரா இணையத்தில் விற்றாரா என்று பிரிப்பதை விட்டுவிட்டு, என்ன விற்றார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கே காலையில் வாட்ஸப்பில் பத்து சீட்டு வருகிறது. பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதற்காக நான் வேறு வியாபாரி ஆகிவிடவில்லை. வகைப்பாடு மாறிவிட்டதால் 2008 நெறிகளையும் அதற்கேற்ப மாற்றித்தான் ஆக வேண்டும். நான் கேட்டதை அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஆள் அனுப்பும்போது முதல் வாரம் வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். இருபது தேதிக்கு மேல், மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கம்பி தொங்குகிறது. கொள்முதல் சீட்டுகளை அதில்தான் குத்தி வைத்திருக்கிறேன்; கீழே பழையது, மேலே புதியது. அந்தப் பெண்ணே வந்தால் நல்லது. போன தடவை அவருக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரன்