அழுகி வந்த ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா செடி: முழுப் பணமும் விளக்கமும் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். திசு வளர்ப்பில் (ஆய்வுக்கூடக் குடுவையில்) உருவான, பூக்கும் பருவத்துச் செடி என்று உங்கள் தளத்தில் போட்டிருந்த ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசாவை (ஃபாக்ஸ்டெயில் ஆர்க்கிட்) 1,450 ரூபாய் கட்டி வாங்கினேன். சாட்டிலும் போனிலும் மாறி மாறி அலைக்கழித்த பிறகு, கடைசியாக எழுத்தில் கேட்கிறேன்.

பெட்டியில் ஒரு காற்றுத் துளைகூட இல்லை. ஈரம் சொட்டும் தேங்காய் நார்க்கழிவில் வேரை அமுக்கி, இலை நுனி வரை பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தார்கள். நடுக்குருத்து கறுத்திருந்தது, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்தால் பச்சையாகவும் இருக்கும். இதில் வேரைப் பிடித்து உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறது.

இது மரக்கிளையில் ஒட்டி, வேரைக் காற்றில் விட்டு வாழும் செடி என்பது விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வேரில் உள்ள பஞ்சு போன்ற மேலுறை மழையைச் சட்டென்று உறிஞ்சி, சில மணி நேரத்தில் உலர வேண்டும். உலரவில்லை என்றால் அழுகும். அனுப்பும் முன் ஒரு நாள் தண்ணீர் நிறுத்தி, வெறும் வேரோடு காய்ந்த செய்தித்தாளில் சுற்றி, துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். செலவே இல்லாத வேலை.

உங்கள் பிரதிநிதி ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செம்மண், சாணி உரம் போட்டு நட்டு, தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க, துளிர்த்துடும்." மண்ணில் நட்டால் இந்தச் செடி மூச்சு முட்டிச் சாகும் என்றேன். "செடின்னா சாகத்தான் செய்யும். ஆயிரம் ரூபா செடிக்கு இவ்வளவு பேச்சா?" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கச் சொன்னார். குருத்து கறுத்து அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பைட்டோப்தோரா, பித்தியம் வகை நீர்ப்பூஞ்சைகள். அவற்றின் மேல் கார்பென்டசிம் வேலை செய்யாது. மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிக்க வேண்டும், அதுவும் குருத்து போவதற்கு முன்னால். டென்ட்ரோபியம் போன்ற வேறு ஆர்க்கிட் என்றால் பக்கத்தில் புதுத் தண்டு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். இது ஒற்றைத் தண்டுச் செடி. குருத்து போனால் மேல்வளர்ச்சி அதோடு முடிந்தது. அடியில் ஒரு பக்கக்கன்று வந்தாலும் அது பூக்க வருடக்கணக்காகும். தண்ணீர் தெறித்தால் மற்றச் செடிகளுக்கும் பரவும் நோய் இது. 1,450 ரூபாயோடு போகிற நஷ்டம் இல்லை; ஒரு தோட்டத்தையே அழிக்கக்கூடிய சரக்கை அனுப்பியிருக்கிறீர்கள்.

பெட்டி திறக்கும் வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். கோப்பு திறக்கவில்லை என்றீர்கள். மறுபடி அனுப்பியதும் 24 மணி நேரக் கெடு தாண்டிவிட்டது என்று புகாரை முடித்துவிட்டீர்கள். செடியைக் கூரியர் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அங்கே போனால், உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர் வெயிலில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு யார் பதில் சொல்வது?

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. வேர்களில் மரப்பட்டைச் சில்லுகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு பக்க வேர்கள் பிய்த்து எடுத்தது போலத் தட்டையாக அறுந்துள்ளன. குடுவையில் முளைத்த நாற்றுக்குப் பட்டை எங்கிருந்து வந்தது? கட்டையில் கட்டி வளர்த்ததென்றால் கட்டையோடு அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? போஹாக் பிஹு என்ற புத்தாண்டுத் திருவிழாவில் அசாமியப் பெண்கள் கொண்டையில் சூடும் கொபௌ பூவின் (இதே செடியின் பூதான்) படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டு, காட்டு மரத்திலிருந்து உரித்த செடியை விற்கிறீர்களோ என்ற சந்தேகம் எழுகிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ளது. எந்த ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த செடி என்பதற்கான ஆவணத்தைத் தயவுசெய்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் படங்களோடு வனத்துறைக்கு எழுதுவேன்.

முழுப் பணமும், கூரியர் கட்டணமும் திரும்ப வேண்டும். மாற்றுச் செடி தருவதானால், இரண்டு மூன்று உயிருள்ள வேர் நுனிகள் பச்சையாகத் தெரியும் படத்தை முதலில் அனுப்பிவிட்டு, காய்ந்த நிலையில் பொதிந்து அனுப்புங்கள். 15 செ.மீ. தேக்குக் கூடையும் பெரிய அடுப்புக்கரித் துண்டுகளும் இங்கே தயாராக இருக்கின்றன. உங்கள் செம்மண் ஆலோசனை வேண்டாம்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் இப்புகாரைப் பெற்றதற்கான ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தவறினால் 1915 உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். அதற்கு இடம் வைக்காமல் நீங்களே முடித்துத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பெட்டி திறந்த வீடியோ, குருத்து மற்றும் வேரின் படங்கள், சாட் பதிவுகள், ரசீது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்