கிரேஸுக்கு, தஞ்சாவூரிலிருந்து

கிறிஸ்துவுக்குள் அன்பான கிரேஸுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பேரன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். என் முழங்கால் வலிதான் என்னைவிட்டுப் போவதாக இல்லை.

நீ எழுதியதில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்மோடு படித்தவர்கள் கிராம ஊழியம், ஜெபக்குழு என்று ஓடுகிறார்களாம். நீ மட்டும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு வீணாகிறாயாம். காலையில் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட உன்னையே மத்தியானம், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று அத்தை கேட்டார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒலிபெருக்கி இல்லாத ஊழியம் ஊழியமே இல்லை என்று நம் சபைகள் நம்மை நினைக்கவைத்துவிட்டன. எனக்கு அதில் சம்மதம் இல்லை.

இங்கே சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரின் பெயரில் ஒரு கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ்; அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை மன்னர் சரபோஜி. லண்டனில் பிளாக்ஸ்மேன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தவர் சரபோஜியேதான். அவர் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் தன்னைப் பிள்ளைபோலக் காத்த பாதிரியாரை மறக்கவில்லை.

1779இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது போக ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தேர்ந்தெடுத்தது சுவார்ட்ஸை. "அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார்" என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். (கம்பெனிக்காக ஒரு பாதிரியார் தூது போனதில் எனக்குக் கேள்விகள் உண்டு. அது வேறு கதை.) வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயைத் திரும்பி வந்ததும் கம்பெனியிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதைத் தஞ்சாவூர் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிவிட்டார்.

அடுத்த ஆண்டே ஹைதருக்கும் கம்பெனிக்கும் போர் வெடித்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் சாகிறார்கள். வெளியே ஊர்களில் நெல் கிடக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவரக் குடியானவர்கள் மாடுகளைத் தர மறுத்துவிட்டார்கள். முன்பு உழைத்ததற்கே கூலி வரவில்லை, இனி யாரை நம்புவது? அரசாங்கத்தின் வாக்குக்கு மதிப்பில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது. சொன்னபடி அவர்களுக்குப் பணமும் போய்ச் சேர்ந்தது.

சுவார்ட்ஸ் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது 1750இல். அந்த முப்பது வருஷத்தில் எந்தப் பிள்ளைக்குச் சொன்ன நேரத்தில் பாடம் எடுத்தார், யாரிடம் வாங்கிய சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் யாரும் எழுதிவைக்காத கணக்கு. குடியானவர்கள் நம்பியது அந்தக் கணக்கைத்தான். "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற வசனத்தைச் சபைப் பொருளாளர் தேர்தலுக்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறோம்; உன் கஞ்சிக் கிண்ணத்துக்கும் அது பொருந்தும்.

உன் காரியம் ஒருவகையில் அதைவிடக் கடினம். சரபோஜிக்கு எல்லாம் நினைவிருந்தது, சிலை வைத்தார். உன் அத்தைக்கு நீ செய்தது சாயங்காலம்வரைகூட நினைவில் நிற்காது. "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்று வேதத்தில் ரூத் சொன்னதைக் கல்யாணப் பிரசங்கத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்கிறார்கள். அவள் சொன்னது மாமியாரிடம், அதுவும் கொடுக்க ஒன்றுமில்லாத, மனம் கசந்துபோன ஒரு மாமியாரிடம்.

அதற்காக நீ ஒருத்தியே தேய்ந்து போக வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணாதே. நாத்தனார்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு வாரமாவது அவர்கள் வந்து இருக்கட்டும். வாய்விட்டுக் கேள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உன் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போக முடியாது என்று எழுதியிருக்கிறாய். நீ போகிறாய். முந்தின நாள் காலை பஸ்ஸில் நான் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுகிறேன். நீ திரும்பும்வரை அத்தையோடு நான் இருக்கிறேன். எந்த மாத்திரை எப்போது, கஞ்சியில் உப்பு எவ்வளவு, என்ன பாட்டுப் பாடினால் சாப்பிடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வை. கண்ணாடி போட்டாலும் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, பெரிய எழுத்தாக எழுது.

அன்புடன்,
லில்லி